விசாரணைக்கு வராத தூக்கம்

"தூக்கம் வருதா மாமா?"

"வரலை மாப்ளே."

"லேசாக்கூடவா வரலை? கண்ணை மூடித்தான் பாருங்களேன்."

"மூடினா இருட்டா இருக்கு. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். மதியம் விசாரணை. மாமனாரின் கண்களோ, அப்போதுதான் கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர்கள்போல் பளபளவென்று இருந்தன.

தெருவில் எல்லோருக்கும் அவர் பட்டாளத்தார்தான். எல்லைக் காவல் சாவடியில் குண்டு விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு ஒரு வியாதி. பகலில் கண்ணயர்ந்தால் போதும், எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். துடைப்பத்தைத் துப்பாக்கியாகத் தோளில் சாத்திக்கொண்டு சமையலறை வாசலில் காவல் நிற்பார். கழுவாத பாத்திரம் கண்ணில் பட்டால் கழுவிக் கவிழ்த்துவிடுவார். விழித்திருக்கும்போது ஒரு டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர்!

"தூக்கத்துல அப்பா என்னம்மா பேசுவாரு?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"அதெல்லாம் உனக்கு எதுக்குடி?" என்றாள் அம்மா. முகம் சிவந்துவிட்டது.

ஒருநாள் காவல் சுற்று வாசலைத் தாண்டி நடுரோடு வரைக்கும் போய்விட்டது. எதிரே வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள், அவரும் சொன்னார். தூங்குகிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பின்னாலேயே ஓடிவந்த மனைவிக்கு மட்டும்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் பகலில் எங்கும் போவதில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்குக்கூட.

முன்னாள் வீரர்களுக்கான மருத்துவ உதவித்தொகை கிடைத்தால், பகலில் துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பித்தார்கள். மறுத்துவிட்டார்கள். தலைக்காயம் உண்மைதானாம், ஆனால் தூக்கத்தில் நடப்பதைப் பார்த்தது மனைவி ஒருத்திதானே, அவள் சொல்வதை எப்படி நம்புவது என்றார்கள்.

"உன்னைப் பொய்க்காரின்னு எழுதிட்டாங்களே" என்று பட்டாளத்தார் அன்றைக்கு ஒரே ஒரு தடவை உறுமினார். அதற்குமேல் அவருக்குப் பேச வராது.

மேல்முறையீட்டுக்கு வழி சொன்னவர் மாப்பிள்ளைதான். "வாதமே வேண்டாம் மாமா. அவங்க முன்னாடியே தூங்கிடுங்க. கேஸ் முடிஞ்சுது!"

அசந்தால் தூக்கம் வரும் என்று விசாரணையன்று காலையில் பின்வாசல் நிலத்தைக் கொத்தச் சொன்னார். துணைக்குத் தானும் கொத்தினார். அசந்தது மாப்பிள்ளை. பட்டாளத்தாருக்குப் பயிற்சி முகாம் உற்சாகம் வந்துவிட்டது. சரி, மூக்குமுட்டச் சாப்பிட வைத்தார்கள். விக்கல் பிடித்துக்கொண்டது. விக்கல் நிற்பதற்காக மாப்பிள்ளை பின்னாலிருந்து ஒரு தட்டைப் படாரென்று கீழே போட்டார். விக்கல் நின்றது. மிச்சமிருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓடியது.

"குண்டு விழுந்த மனுஷன்கிட்ட இப்படியா பண்ணுவீங்க?" என்றாள் மாமியார். "மாப்பிள்ளையாச்சேன்னு பார்க்கறேன்!"

பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கடைசி ஆயுதத்தை எடுத்தார். பழைய மறுப்பு ஆணை.

"இதைப் படிங்க மாமா. நானும் பல தடவை முயற்சி பண்ணிட்டேன். ரெண்டாவது பக்கம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

பட்டாளத்தார் வாய்விட்டுப் படித்தார். "மேற்கண்ட பிரிவின் கீழ், மேற்படி உட்பிரிவில் குறிப்பிட்டவாறு, மேற்படியாரின் மேற்சொன்ன கோரிக்கையானது..."

முன் இருக்கைக்காரரின் தலை சாய்ந்தது. அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை அடங்கியது. கண்டக்டர் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையிடமிருந்து குறட்டை கிளம்பியது. பட்டாளத்தார் பக்கத்தைத் திருப்பினார். எழுத்துகள் எறும்புகளாக வரிசை கலைந்து, ஜன்னல் வழியே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் சத்தமே இல்லாமல், தோணிபோல் மிதந்தது. வெளியே மரங்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கின.

'ஊரே தூங்குது, எனக்கு மட்டும் வரலையே' என்று அவர் ஆணையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

இறங்கும் இடம் வந்ததும் மனைவி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். மாப்பிள்ளையைத் தட்டி எழுப்பிக் காதில் ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அவரிடம் தூக்கம் வருகிறதா என்று கேட்கவேயில்லை. கைகழுவிவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டார்.

"மெதுவா வாங்க. படி இருக்கு" என்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அலுவலகத்தின் நீண்ட நடையில் வெளிச்சம் குளத்துத் தண்ணீர்போல் அசைந்தது. மின்விசிறிகள் அல்லிப் பூக்களாகச் சுழன்றன. வாசலில் நின்ற மீசைக்கார டவாலியிடம் மனைவி கிசுகிசுத்தாள். அவர் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டு, காத்திருந்தவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். பழைய சிப்பாய்க்கு இன்னும் மரியாதை இருக்கிறது! சுவரோரம் யாரோ மறந்துவிட்டுப் போன குடை ஒன்று சாய்ந்திருந்தது. விழுந்துவிடுமோ என்று பட்டாளத்தார் அதை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டார்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் குழுத் தலைவரான அம்மாளும் ஒரு டாக்டரும் இருந்தார்கள்.

"உட்காருங்க" என்றார் தலைவர்.

"நிக்கறேன் மேடம்."

டாக்டர் எழுந்து வந்து அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். சின்ன டார்ச்சை அடித்தார். நிலா வெளிச்சம் மாதிரி இதமாக இருந்தது.

"இப்ப தூங்கறீங்களா?"

"அதுதானே சார் பிரச்சினை! வரவே மாட்டேங்குது!"

டாக்டரும் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சு. எல்லாம் போச்சு.

எப்படியும் தோற்றாயிற்று என்றதும் அவருக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

"மேடம், எனக்குப் பணம் தராட்டிப் பரவாயில்லை. இவ பொய் சொல்றான்னு எழுதினதை மட்டும் அடிச்சிடுங்க. இவளுக்குப் பொய் சொல்ல வராது. என் சட்டை நல்லா இல்லைன்னா, கடைக்காரன் முன்னாடியே நல்லா இல்லைன்னு சொல்லுவா. பக்கத்துத் தெருவுல தங்கச்சி வீடு. நான் ரோட்டுல இறங்கிடுவேன்னு அங்கேகூடப் போறதில்லை. எத்தனையோ எல்லையில காவல் நின்னிருக்கேன். இவ நிக்கிற சமையக்கட்டு வாசலைவிடப் பெரிய எல்லை எனக்கு எதுவும் இல்லை, ராஜாத்தி."

கடைசி வார்த்தையை யாரிடம் சொன்னோம் என்று அவருக்கே தெளிவாக இல்லை. மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது.

பட்டாளத்தார் பார்வையைத் திருப்பினார். மேஜைமேல் காபி குடித்த கோப்பைகள் கழுவாமல் கிடந்தன. கை சும்மா இருக்கவில்லை. குடையை ஓரமாக வைத்துவிட்டு, கோப்பைகளை அறை மூலையிலிருந்த குழாயில் கழுவிக் கவிழ்த்தார். ஒருவரும் தடுக்கவில்லை. தலைவர் தன் கோப்பையில் மிச்சமிருந்த ஒரு வாய்க் காபியை அவசரமாகக் குடித்துவிட்டு அதையும் நீட்டினார். அவர் அதையும் கழுவினார்.

பிறகு குடையைத் தோளில் சாத்திக்கொண்டு கதவோரம் போய் நின்றார். இவ்வளவு பேசிவிட்டு இனி மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது?

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"மாமா!" என்று வாசலிலிருந்து துள்ளிக்கொண்டு ஓடிவந்தார் மாப்பிள்ளை.

டவாலி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"உஷ்! பஸ்ஸுலேருந்தே தூங்கிக்கிட்டு வந்திருக்காரு மனுஷன். அம்மா கையெழுத்துப் போடற வரைக்கும் எழுப்பிடாதீங்க சார்!"