டாக்வுட் தெருத் தண்ணீர்க் குழாய் விவகாரம்

டாக்வுட் தெரு,
டென்னசி.

அன்பு மச்சான் ராய்ஸுக்கு அத்தான் வெண்டல் எழுதுவது.

இங்கே நானும் உன் அக்கா ஓப்பலும் சுகம். வீடும் எரியாமல் நிற்கிறது. அங்கே ஒஹையோவில் நீயும் உன் குடும்பமும் அதே நிலையில் இருக்கக் கர்த்தர் அருள்புரிவாராக. உன் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் வரவில்லை என்று நீ போனை எடுப்பதில்லை என அக்கா சொன்னாள். கோபப்பட உனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் காரணத்தைக் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூட பேண்டு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்தப் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கியது உனக்குத் தெரியும். இதைக் கட்டியவன் மனையைப் பார்த்தானே ஒழிய எல்லையைப் பார்க்கவில்லை. தெரு நடுவே போகிற மஞ்சள் கோட்டின் இந்தப் பக்கம் ஹார்லோ மாவட்டம், அந்தப் பக்கம் பெக்கம் மாவட்டம். எங்கள் வரிசை ஹார்லோ, எதிர்வரிசை பெக்கம். எங்கள் குப்பை வண்டி எதிர்வீட்டுத் தொட்டியைத் தொடாது, அவர்கள் வண்டி எங்கள் தொட்டியைத் திரும்பியும் பார்க்காது. பனி பெய்தால் எங்கள் மாவட்டத்து வண்டி வந்து பனியை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுப் போகும், அவர்கள் வண்டி வந்து அதை எங்கள் பக்கமே திருப்பித் தள்ளும், வெயில் வந்து கரைக்கிற வரைக்கும் நாங்கள் நடுவில் வழுக்கி விழுந்துகொண்டிருப்போம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்தோம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு தர்மன் யேட்ஸ் தன் கார் கொட்டகைக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டிப் பன்றித் தொடையைப் புகையில் போட்டிருந்தான். காற்று திரும்பியது. கொழுப்பு ஒழுகியது. கொட்டகையில் தீப் பிடித்துக்கொண்டது. உள்ளே அவன் மனைவி நடீன் இருக்கிறாள், பக்கத்திலேயே எந்நேரமும் ஆக்ஸிஜன் உருளை. நானும் தர்மனும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்தோம். உன் அக்கா உருளையைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ஹார்லோ தீயணைப்பு வண்டி பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது, உடனே வந்துவிட்டது. அதன் தலைவன் டூயி ஸ்காக்ஸ் என் மாணவன். பேண்டில் ட்யூபா என்கிற பெரிய ஊதுகுழலை வாசித்தவன், எந்தப் பாட்டிலும் எல்லாரையும் முந்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவான். அந்தக் கெட்ட பழக்கம் அன்றுதான் முதன்முதலாக ஒருவருக்குப் பயன்பட்டது. ஆனால் தெருவோரத் தீயணைப்புக் குழாய் தர்மன் வீட்டுப் பக்கம் நிற்கிறது. டூயி ஹோஸை எடுத்துப் போய் அதில் மாட்டப் பார்க்கிறான், திருகுகிறான், மாட்டவில்லை.

"என்னப்பா?" என்றேன்.

"மரை சேரல சார். இது பெக்கம் குழாய். எங்க ஹோஸுக்கு வேற மரை."

"ரெண்டு மரையையும் சேக்கற அடாப்டர் ஒண்ணு வச்சுக்கக் கூடாதா?"

"கேட்டுக்கிட்டேதான் சார் இருக்கோம். எங்க ஆபீஸ்ல, குழாய் அவங்களுது, அவங்கள வாங்கச் சொல்லுங்கறாங்க."

வண்டியில் இருந்த தண்ணீர் கொட்டகையோடு தீர்ந்தது. தீ சமையலறைக் கூரையை எட்டிப் பார்த்தது. எங்கள் வரிசைக்காரர்கள் எல்லாரும் தோட்டத்து ஹோஸ்களை ஒன்றோடொன்று சொருகி மஞ்சள் கோட்டைத் தாண்டி இழுத்துப் போய், அண்டை வீட்டுக் குழந்தைகள் குளிக்கிற ரப்பர் தொட்டியைக்கூடத் தூக்கி ஊற்றி, எப்படியோ கூரையைக் காப்பாற்றினோம். மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெக்கம் வண்டி மலையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் மிச்சம். அதன்மேல் தெளித்துவிட்டுப் போனார்கள். தர்மன் சட்டையெல்லாம் நனைந்து நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். "வெண்டல், ரோட்டுல பெக்கம் பக்கம் வீடு வாங்கினதுதான் நான் பண்ணின தப்பா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற பையன் மாதிரி கேட்டான், மச்சான். அன்றைக்கு ராத்திரியே, இந்தக் குழாயில் ஹார்லோ ஹோஸ் மாட்டுகிற வரைக்கும் விடுவதில்லை என்று உன் அக்காவிடம் சொன்னேன். "விட்டாத்தான் அதிசயம்" என்றாள்.

முதலில் எங்கள் மாவட்டக் குழுத் தலைவர் லமார் டிட்வெல்லைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன், எதைக் கேட்டாலும் உட்காரச் சொல்வார். "சார், அடாப்டர் சின்னச் சாமான்தான். ஆனா எங்க சாமான அவங்க குழாய்ல மாட்டிட்டா நாளைக்கு அது யாருது? எங்க வக்கீல் ஒத்துக்க மாட்டார்" என்றார். அங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு பெக்கம் போனேன். அங்கே தலைவி வில்மா கிராப்ட்ரீ. அந்தம்மா உட்காரச் சொல்லவில்லை.

"எங்க குழாய்ல என்ன குறை? எங்க வண்டிக்கு அது பொருந்துதே."

"உங்க வண்டி வந்து சேர்றதுக்குள்ள வீடு போயிடும்மா."

"வந்து சேருதா, இல்லியா?"

சேருகிறது என்று ஒத்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டியிருந்தது. சரி, நாமே ஒரு அடாப்டரை வாங்கி மாட்டிவிடுவோம் என்று வாங்கிக்கொண்டு வந்து குழாய்ப் பக்கம் குனிந்தேன். பெக்கம் போலீஸ்காரர் காரை ஓரங்கட்டி இறங்கி, பொதுக் குழாயைத் தனியார் தொட்டால் குற்றம் என்று மரியாதையாகச் சொன்னார். நான் அடாப்டரோடு வீட்டுக்குள் வந்தேன். உன் அக்கா ரொட்டிக்கு மாவு பிசைந்தபடியே, "ரெண்டு மாவட்டத்துக்குமே மரை கழண்டு போச்சுங்க. ரெண்டையும் ஒண்ணா உக்காரவச்சு முறுக்குங்க" என்றாள். அதற்கப்புறம் நான் இரண்டு அலுவலகத்துக்கும் மாறி மாறி நடந்ததை எழுதினால் இந்தக் கடிதத்துக்குத் தபால் தலை பற்றாது. கடைசியில் இரண்டு குழுவும் கூடி உட்காரச் சம்மதித்தன. இரண்டுக்கும் ஒத்துவந்த நாள் ஒன்றே ஒன்றுதான். அது உன் மகள் கல்யாண நாள், ராய்ஸ். உன் அக்கா கல்யாணத்துக்குப் போட ஒரு நீல உடுப்பை எடுத்துவைத்திருந்தாள். அன்றைக்கு அதையே உடுத்திக்கொண்டு கூட்டத்துக்கு வந்தாள்.

எங்கே கூடுவது என்பதில் அடுத்த சண்டை. அவர்கள் கட்டடத்துக்கு இவர்கள் போகமாட்டார்கள், இவர்கள் கட்டடத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். நடுத்தெருவில் கூடுங்கள் என்றேன். தேவாலயத்து மடக்கு மேஜைகளைக் கொண்டுவந்து மஞ்சள் கோட்டின்மேல் போட்டோம். ஹார்லோ இந்தப் பக்கம், பெக்கம் அந்தப் பக்கம். இரண்டு போதகர்கள் ஜெபித்தார்கள், இரண்டாமவர் முதலாமவரைவிட நீளமாக. மேஜைக்கு நடுவில் உன் அக்கா மசாலா முட்டையும் வாழைப்பழப் புட்டிங்கும் வைத்தாள். சாப்பிடுவதில் எல்லைத் தகராறு எதுவும் எழவில்லை. பேச்சு ஆரம்பித்ததும் எழுந்தது. டிட்வெல், "அவங்க முதல்ல ஓட்டுப் போட்டா நாங்களும் போடறோம்" என்றார். வில்மா அம்மாள், "முதல்ல போட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவங்க போடட்டும்" என்றார். வெயில் ஏறிக்கொண்டே போனது. பெக்கம்காரர் ஒருவர் கார் சாவியை எடுத்துவிட்டார்.

அப்போதுதான், தர்மனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடீன் பேசினாள். ஆக்ஸிஜன் குழாய் மூக்கில் இருந்ததால் குரல் மெல்லியதாகத்தான் வந்தது. அதைக் கேட்க எல்லாரும் வாயை மூடவேண்டியிருந்தது.

"நான் பெக்கம்காரி. லமார் டிட்வெல்லுக்கு நான் ஓட்டுப் போட முடியாது. ஆனா என் வீடு எரிஞ்சு நான் போயிட்டேன்னா, நீங்க ரெண்டு பேருமே அடக்கத்துக்கு வருவீங்க. ஆளுக்கொரு சட்டி கேசரோல் சாப்பாடு சமைச்சுக் கொண்டு வருவீங்க. எனக்குத் தெரியும், நீங்க நல்லவங்க. நான் கேக்கறது, கொஞ்சம் முன்னாடியே வாங்கன்னுதான்."

வில்மா அம்மாள் புட்டிங் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். தர்மன் தலையைக் குனிந்துகொண்டான். இந்தக் கணத்தை விட்டால் மறுபடி வக்கீலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று தெரியும். நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன்.

"யாரும் முதல்ல போட வேண்டாம். எல்லாரும் ஒண்ணாப் போடுங்க. நான் கைய இறக்கினதும் நீங்க கைய ஏத்தணும். எங்கிட்ட படிச்சவங்க பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

முதல் தடவை டிட்வெல் பாதி வரைக்கும் தூக்கி எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். "முதல்லேர்ந்து" என்றேன். இரண்டாம் தடவை வில்மா அம்மாள் காதைச் சொறிவதுபோல் தூக்கினார். "அது ஓட்டு இல்லம்மா. முதல்லேர்ந்து." மூன்றாம் தடவை இரண்டு மாவட்டமும் ஒரே தாளத்தில் கை தூக்கின. என் வாழ்நாளில் எந்தப் பள்ளிப் பேண்டும் எனக்கு அப்படி ஒத்து வாசித்ததில்லை.

அடாப்டர் அன்று சாயங்காலமே மாட்டப்பட்டது. டூயி ஹோஸைத் திருகினான், தண்ணீரைத் திறந்தான், நடீன் கை தட்டினாள். தர்மன் புதுக் கொட்டகை கட்டிவிட்டான். இனி எங்களுக்கு இங்கே வேலை எதுவும் இல்லை. ஆகவே அக்டோபர் முதல் வாரம் நானும் அக்காவும் கட்டாயம் ஒஹையோ வந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்துவோம். பத்து நாளாவது தங்குவோம். புது ஜோடி சண்டை போடாமல் வாழவும், போட்டாலும் ஒரே வீட்டுக்குள் போட்டு முடிக்கவும் கர்த்தர் துணை நிற்பாராக. உன் மனைவிக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் அத்தான்,
வெண்டல் ப்ரூயெட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நில அளவைக்காரர் வந்துவிட்டார். இரண்டு மாவட்டமும் புது நட்பின் அடையாளமாகத் தெருவில் ஒரு எல்லைப் பலகை நடலாம் என்று சேர்ந்து அவரை அனுப்பியிருக்கின்றன. அவர் அளந்து பார்த்ததில் பழைய கோடே தப்பாம். டாக்வுட் தெரு ஹார்லோவிலும் இல்லை, பெக்கத்திலும் இல்லை. தெற்கே இருக்கிற மேப்ரி மாவட்டத்தில் இருக்கிறது. டிட்வெல்லும் வில்மா அம்மாளும் செய்தி கேட்டு, இனி இது தங்கள் பொறுப்பில்லை என்று தெருவிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் உடனே மேப்ரிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பிரியமாகப் பேசினாள். "அந்தப் பக்கம் ஆளுங்க இருக்காங்களா? எங்களுக்குத் தெரியாதேங்க. தீயணைப்பு வண்டி ஒண்ணு இருக்கு, அதுக்குத் தலைவர்தான் இல்ல. இந்த வருஷம் அதப் பத்திக் கேட்ட முத ஆளே நீங்கதான். உங்களுக்கு என்ன வயசு?" எழுபத்தொன்று என்றேன். "ஏணி ஏற முடியுமா?" என்றாள். "ஏணி ஏறவா?" என்றேன். அடுப்படியிலிருந்து உன் அக்கா, "முடியும்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். அக்டோபரில் வர இயலாது.