குளக்கரையில் மூன்று கூடாரங்கள்

"உந்தக் கூடாரத்துக்குள்ளை கொமட் இருக்கோ எண்டு கேள்" என்றார் பரமலிங்கம்.

சுபாஸ்கரன் கைபேசியைப் பொத்திக்கொண்டு தகப்பனைப் பார்த்தான். அந்தப் பயணத்தில் அவருக்கு இடமே இல்லை என்பதை எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

கலியாண நாள் வருகிறது. இந்த முறை ஒரு சேலையோடும் கேக்கோடும் ஒப்பேற்றிவிடாமல் தர்சிகாவை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று அவன் தீர்மானித்திருந்தான். கொக்குவிலில் அந்த வீட்டில் முதலில் எழும்புகிறவளும் கடைசியாகப் படுக்கிறவளும் அவள்தான். இடையில் பள்ளிக்கூடம் போய்க் கணக்கும் படிப்பித்துவிட்டு வருவாள். வீட்டில் தகப்பன், தாய் குணலட்சுமி, மகள் கோபிகா. போதாக்குறைக்குப் பரமலிங்கத்தின் தமக்கை சின்னாச்சி. கண் ஒப்பரேஷனுக்கென்று பருத்தித்துறையிலிருந்து வந்த சின்னாச்சி மாமி, கண் நன்றாகத் தெரியத் தொடங்கியதும் இந்த வீடு வடிவாயிருக்கிறது என்று நின்றுவிட்டார்.

இடம் தேடுவதே பெரும் பாடாயிருந்தது. வன்னிப் பக்கம் ஒரு பெரிய குளக்கரையின் படத்தில் யானை நின்றது. விடுதிக்காரர் அதைப் பெருமைக்குப் போட்டிருந்தார். சுபாஸ்கரன் அதனாலேயே அந்த இடத்தை விட்டான். கடல்நீரேரி ஓரம் இன்னொன்று. அங்கே தங்கிய ஒருவர், "நல்ல காற்று. கூடாரம் போய்விட்டது" என்று எழுதியிருந்தார். கடைசியில் அகப்பட்டது தென்மராட்சியில் ஒரு சின்னக் குளம். தாமரை, கரையில் மருதமரம், வெள்ளைக் கூடாரம், உள்ளே கட்டிலும் மெத்தையும் மின்விசிறியும். கிளாம்பிங் என்று பெயர். நடத்துகிறவர் ஜவாஹிர்.

தனக்கும் தர்சிகாவுக்கும் கோபிகாவுக்கும் ஒரு கூடாரம் என்று சொல்லத்தான் அவன் அழைத்தான். விறாந்தையில் நின்று கதைத்ததுதான் பிழையாகிப் போனது.

"கொமட் கக்கூஸ் இருக்கண்ணை" என்றார் ஜவாஹிர். "கூடாரத்துக்குப் பக்கத்திலை. கொஞ்சத் தூரம் நடக்க வேணும்."

"கொஞ்சத் தூரம் எண்டால்?" என்றார் பரமலிங்கம்.

அன்று மாலை சுபாஸ்கரன் குசினிக்குள் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அப்பா தானும் வாறன் எண்டு நிக்கிறார். நான் ஏதாவது சொல்லி மறிக்கிறன்."

தர்சிகா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "பாவமப்பா. அவரும் எங்கை போறவர்? மாமாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போவம். ரெண்டு கூடாரமாச் சொல்லுங்கோ."

"அப்ப சின்னாச்சி மாமி?"

"அவவை மட்டும் விட்டிட்டுப் போகேலுமே?"

இப்படியும் ஒரு மருமகள் இருப்பாளா என்று சுபாஸ்கரனுக்கு நெஞ்சு நிறைந்தது. மூன்று கூடாரமாகச் சொன்னான்.

மூன்றாவது கூடாரத்தில் வேறொரு தலையிடி பிறந்தது. சின்னாச்சி மாமிக்குத் தனியே படுக்கப் பயம். கோபிகா மாமியோடு படுக்க மாட்டாளாம். மாமி குறட்டை விடுவாராம். "நான் குறட்டை விடுறதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை" என்றார் மாமி.

"பக்கத்து வீட்டுக் கனகலிங்கண்ணையையும் அவற்றை மனுசியையும் கேட்டுப் பாருங்கோவன்" என்றாள் தர்சிகா. "மாமாவுக்கும் சீட்டிலை முந்நூற்றி நாலு விளையாட ஆள் வேணும். அந்த அக்கா சின்னாச்சி மாமிக்குத் துணையாப் படுப்பா."

கேட்ட மாத்திரத்தில் கனகலிங்கம் கடுதாசிக் கட்டோடு வந்து விறாந்தையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் பெரிய ஆட்கள், எனக்குக் கதைக்க ஒருத்தருமில்லை என்று கோபிகா முகத்தைத் தூக்கினாள். அவளுடைய வகுப்புத் தோழியின் வீட்டுக்குத் தர்சிகாவே அழைத்துக் கேட்டு அந்தப் பிள்ளையையும் சேர்த்தாள்.

பிறகு சமையல். வெள்ளிக்கிழமையில் தனக்குச் சைவச் சாப்பாடு என்றும், மீன் கறி வைத்த சட்டியில் சமைத்ததைத் தொடமாட்டேன் என்றும் குணலட்சுமி அறிவித்தார். சுபாஸ்கரன் கூச்சத்தோடு ஜவாஹிருக்கு எடுத்தான்.

"அதுக்கென்ன அண்ணை, புதுச் சட்டி வாங்கி வைக்கிறன். இஞ்சை சமைக்கிற எங்கடை சுஹறாவும் அப்பிடித்தான். தன்ரை சட்டி இல்லாட்டில் தேத்தண்ணியும் வைக்காள்."

அதைக் கேட்ட குணலட்சுமிக்குச் சுஹறாவை மிகவும் பிடித்துப்போனது. "அந்தப் பிள்ளை செய்யிறதுதான் சரி. நானும் என்ரை சட்டியளைக் கொண்டு வாறன்." சட்டியோடு காஸ் அடுப்பும், அடுப்போடு சிலிண்டரும், சிலிண்டரோடு இடிக்கிற உரலும் பட்டியலில் ஏறின. சின்னாச்சி மாமிக்குத் தன் சாய்மனைக் கதிரை இல்லாமல் முதுகு நிமிராதாம். பரமலிங்கத்துக்குக் கொமட் தூரம் என்றபடியால் கொமட் வைத்த கதிரை ஒன்றைச் சுபாஸ்கரன் இரவல் வாங்கிவந்தான்.

"இவ்வளவையும் ஏத்தப் பெரிய வானாப் பிடிப்பம்" என்றான் அவன்.

"வேண்டாம்" என்றாள் தர்சிகா. "நாகலிங்கண்ணையை விட்டிட்டு வேறை ஆக்களைப் பிடிச்சால் அவருக்கு மனம் நோகும். அவர் அடுக்கினால் எல்லாம் அடங்கும்."

நாகலிங்கத்தார் அந்த ஒழுங்கையில் குடியிருக்கும் எல்லாருடைய கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வான் ஓடுகிறவர். புறப்படும் நாள் காலை வந்து சாமான்களைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு ஒருவரையும் கிட்ட விடாமல் தானே அடுக்கினார். கூரையில் ஏற்றலாம் என்று சுபாஸ்கரன் நினைத்த சாய்மனைக் கதிரையைப் பின்சீற்றில் நீட்டிப் படுக்கவைத்தார். அதன் பக்கத்தில் உரலுக்கு ஒரு முழு இருக்கை கிடைத்தது. கொமட் கதிரை முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்தது.

"அண்ணை, உதை மேலை கட்டினால் என்ன?"

"காத்துப் பிடிக்கும் தம்பி."

"உரலுக்குமா காத்துப் பிடிக்கும்?"

நாகலிங்கத்தார் கைகாட்டி ஆட்களைக் கூப்பிட்டார். ஆட்கள் ஏறினார்கள். பரமலிங்கமும் கனகலிங்கமும் ஏறின கையோடு கடுதாசியைப் பிரித்தார்கள். கதவைச் சாத்தும்போது வெளியே நின்றது சுபாஸ்கரனும் தர்சிகாவும்தான். உள்ளே ஒரு பூனைக்குக்கூட இடமில்லை.

சுபாஸ்கரனுக்கு முகம் செத்துப்போனது. யாருக்காகப் பயணமோ அவளே தெருவில் நிற்கிறாள்.

"நீங்கள் போங்கோ அண்ணை" என்றாள் தர்சிகா. "நாங்கள் மோட்டச்சைக்கிளிலை பின்னாலை வாறம்."

வான் ஒழுங்கை முடக்கால் திரும்பியது. சின்னாச்சி மாமியின் கை மட்டும் கடைசிவரை யன்னலால் ஆடியது.

சுபாஸ்கரன் மோட்டார் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தான். தர்சிகா வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தான். வழக்கமாகச் சின்னாச்சி மாமி இருக்கும் சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். தலைமயிரை அவிழ்த்து விட்டிருந்தாள். தொலைக்காட்சி போடவில்லை. கையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்று. வெட்டாமல் அப்படியே கடித்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படி இருந்து அவன் கண்டதேயில்லை. மனம் விட்டுப்போனாளோ என்று அவனுக்குப் பயமாயிருந்தது.

"வெளிக்கிடுமன்."

"வெயில் தாழட்டும்."

"இப்பதானே விடிஞ்சது."

"தாழுமட்டும் இருப்பமே."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். வீட்டில் கிணற்றடி வாளி காற்றில் ஆடுகிற சத்தம்கூடக் கேட்டது. அப்படியொரு சத்தம் அங்கே உண்டென்று அவன் அறிந்திருக்கவில்லை.

"உமக்காகத்தான் தொடங்கினனான்" என்றான். "எல்லாம் பிழைச்சுப் போச்சு. ஒவ்வொண்டாச் சரிசெய்யப் போய்க் கடைசியிலை உம்மையே விட்டிட்டன்."

"பரவாயில்லை" என்று சொல்லி அவள் மாம்பழத்தை அவனிடம் நீட்டினாள். அவளுடைய கண் கலங்கினாற்போல் இருந்தது. அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கண்ணோடு அவளை மோட்டார் சைக்கிளில் தென்மராட்சிவரை புழுதி குடிக்கவைக்க அவன் மனம் ஒப்பவில்லை.

முற்றத்துக்கு வந்து நாகலிங்கத்தாருக்கு எடுத்தான். வானுக்குள் யாரோ துரும்பு கேட்கும் சத்தம் வந்தது.

"அண்ணை, அவையளைக் குளத்தடியிலை இறக்கிப்போட்டு ஒருக்கால் திரும்பி வாங்கோ. தர்சிகாவையும் என்னையும் ஏத்த வேணும்."

வான் ஓரங்கட்டி நிற்பது கேட்டது. பிறகு நாகலிங்கத்தார் கீழே இறங்கி நின்று, குரலைத் தணித்துக் கேட்டார்.

"என்ன தம்பி, உங்கள் ரெண்டு பேருக்கும் இடமில்லாத மாதிரிப் பாத்துச் சாமானை அடுக்கச் சொல்லித் தர்சிகாப் பிள்ளை எனக்குப் போன கிழமையே சொல்லிப்போட்டுது, உங்களுக்குச் சொல்லேல்லையே?"