சனிக்கிழமைக் காவல்

வாரத்தில் ஒரே ஒரு நாள், யாரும் தன்னை "ஏங்க" என்று கூப்பிட முடியாத இடத்தில் இருந்தே தீருவது என்று மலையாண்டி முடிவெடுத்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பதினாலு வருஷம் குவைத்தில், எட்டுப் பேர் படுக்கும் அறையில், மாடிக் கட்டிலில் கிடந்தவர். கீழ்க் கட்டில்காரரின் குறட்டைக்கும், எதிர்க் கட்டில்காரர் பொண்டாட்டியோடு போனில் போடும் சண்டைக்கும் நடுவே கண்ணை மூடி அவர் கண்ட கனவு ஒன்றே ஒன்றுதான். இலுப்பூரில் தன் வீட்டில், மத்தியான வேளையில், சத்தமே இல்லாமல் படுத்துக் கிடப்பது. ஊரோடு வந்து சேர்ந்து பார்த்தால், அந்த வீட்டு முன்ஹாலில் மனைவி உண்ணாமலை கடை போட்டிருந்தாள்.

பிளவுஸுக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. மெஷின் தடதடவென்று மயில் போடும், மாங்காய் போடும், கல்யாணப் பெண்ணின் முதுகில் மாப்பிள்ளையைப் பல்லக்கோடு தூக்கி உட்கார வைக்கும். இலுப்பூரிலும் சுற்றுவட்டத்திலும் இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் அந்த ஹாலில்தான் இருந்தார்கள். ஏங்க, ஜரிகை நூல் தீர்ந்துபோச்சு. ஏங்க, அக்காவுக்கு ஒரு சேர் போடுங்க. ஏங்க, கரண்ட் போயிருச்சு, என்னன்னு பாருங்க. கரண்ட் போனால் மலையாண்டி என்ன பார்ப்பார், இருட்டைத்தான் பார்ப்பார். இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அந்தச் சமயத்தில்தான் புதுக்கோட்டையில் ஏதோ ஒரு தையல் கடையின் கம்ப்யூட்டரை முகம் தெரியாத எவனோ பூட்டிவிட்டான் என்று பேச்சு வந்தது. பணம் கட்டினால்தான் திறப்பேன் என்று திரையில் சிவப்பு எழுத்தில் மிரட்டுகிறானாம். உண்ணாமலைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பாடுபட்டுச் சேர்த்த டிசைன்கள், ஊரார் அளவுகள், எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தன. முகூர்த்த மாதம் வேறு.

மலையாண்டி தொண்டையைச் செருமினார். குவைத்தில் அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆபீஸின் வாசலில்தான் என்றாலும், உள்ளே பேசுவது வாசல் வரைக்கும் கேட்கும். எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அந்த டிஸ்க்கை எந்த ஒயரிலும் எந்த நெட்டிலும் மாட்டாமல் தனியாக வைத்துவிட வேண்டும், வலையில் இல்லாத மீனை எவனும் பிடிக்க முடியாது என்றார். இதுவரைக்கும் அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அதற்கு மேல்தான் அவருடைய சொந்தச் சரக்கு ஆரம்பித்தது.

"நம்ம வயல் மோட்டார் ரூம் இருக்குல்ல, அங்கிட்டு ஒரு புள்ளி டவர் கூடக் கெடைக்காது. டிஸ்க்க அங்க வச்சாத்தான் பத்திரம்."

"சரிங்க. கொண்டுபோய் வச்சுப் பூட்டிட்டு வந்துருங்க."

"பூட்டுனா ஆச்சா? எலி கடிச்சா? யாராவது ஒரு ஆளு கூடவே இருக்கணும்."

"பொழுதுக்குமா?"

"பொழுதுக்கும்தான். அதுவும் போன் இல்லாத ஆளா இருக்கணும். போன் இருந்தா வைரஸ் அது வழியா தாவிரும்."

ஏழு நாளும் என்று சொல்லத்தான் ஆசை. அவருக்கே கூச்சமாக இருந்ததால் சனிக்கிழமை மட்டும் என்று இறங்கி வந்தார். ஏன் சனிக்கிழமை என்று அவள் கேட்டதற்கு, உலகத்தில் ஆபீஸெல்லாம் லீவு விடுகிற நாளில்தான் இந்தத் திருடர்கள் மும்முரமாக வேலை பார்ப்பார்கள் என்று ஒரு போடு போட்டார். உண்ணாமலை கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு, ஒங்களுக்குத்தான் பாவம் கஷ்டம் என்றாள். மலையாண்டிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரனுக்கு இவ்வளவு வெள்ளந்தியான பெண்டாட்டியா என்று அவள்மீது இரக்கம்கூட வந்தது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் உண்ணாமலை கதவைச் சாத்திக்கொண்டு காப்பி எடுப்பாள். சனிக்கிழமை காலையில் மஞ்சள் பையில் டிஸ்க்கையும், தூக்குவாளியில் புளியோதரையையும் கொடுத்து அனுப்புவாள். மலையாண்டி போனை அவளிடமே ஒப்படைத்துவிட்டு, முகத்தைக் கஷ்டமாக வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறுவார். தெருமுனை தாண்டியதும் அந்தக் கஷ்டம் தானாக இறங்கிவிடும்.

மோட்டார் ரூமில் அவருடைய நாள் ஒரு கனவு மாதிரிதான் நடந்தது. தலைக்கு நல்லெண்ணெய் வைத்து ஊறவிட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டிக்குள் குழாய்க்கு அடியில் உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் உச்சந்தலையில் விழ விழ, குவைத்தும் ஜரிகை நூலும் கரைந்து வாய்க்காலோடு போய்விடும். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது என்பார்கள். டவர் இல்லாத இடத்தில் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? புளியோதரையைத் தின்றுவிட்டு, தொட்டியின் அகலமான சுவர்மேல் துண்டை விரித்து, டிஸ்க்கை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்துவிடுவார். காவல்காரர் அல்லவா.

வேப்பமரம் மேலே மெல்ல அசையும். ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும், போகும். நெல்வாசமும் ஈரமண் வாசமும் சேர்ந்து வந்து இமையை அழுத்தும். அவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்பது அவருக்கே தெரியாது. இதற்காகத்தான் இத்தனை வருஷமும் என்று தோன்றி, சில சமயம் கண்ணோரம் நனைந்துகூடப் போகும். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார்.

அப்படி ஒரு சனிக்கிழமை, அவர் படுத்திருந்த சுவர் படகாகிவிட்டது. அது வாய்க்காலில் இறங்கி வயலுக்கு நடுவே தானாகப் போயிற்று. கரையில் குவைத் அறைக்காரர்கள் ஏழு பேரும் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. தூரத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். சத்தம் இந்தப் பக்கம் வரவே இல்லை. எல்லாரும் "ஏங்க" என்றுதான் சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே கை காட்டினார். படகு ஒரு மேகத்துக்குள் நுழையப் போனது.

"மலையாண்டிண்ணே! கம்ப்யூட்டர பூட்டிப்புட்டாய்ங்கண்ணே!"

பக்கத்து வீட்டு பெலிக்ஸ். நல்ல மனுஷன். யாரும் சொல்லாமலேயே மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தார். மலையாண்டி துள்ளி எழுந்தார். டிஸ்க் துள்ளவில்லை. நெஞ்சிலிருந்து வழுக்கித் தொட்டிக்குள் விழுந்து, இரண்டு குமிழி விட்டு, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மலையாண்டியும் பின்னாலேயே குதித்தார். எடுத்தார், உதறினார், துண்டில் துடைத்தார், ஊதினார். பக்கவாட்டு ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. யாரோ ஒருத்தி கடைக்கு அனுப்பிய டிசைனைத் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது என்று பெலிக்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை மூன்று கல்யாணப் பெண்களுக்கு பிளவுஸ் கொடுக்க வேண்டும், இது மலையாண்டிக்கும் தெரியும். அவர் டிஸ்க்கை வெயிலில் கல்மேல் காய வைத்துவிட்டு, அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அப்பளம் காய்வது போல அது காயும் என்று நம்பினார்.

பொழுது சாயும் வரைக்கும் நம்பினார். பெலிக்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். மலையாண்டிக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. தான் இல்லாத அத்தனை வருஷமும் தனியாளாக நின்று அவள் தூக்கி நிறுத்திய தொழில். அதைத் தன்னுடைய ஒரு தூக்கத்துக்காகத் தண்ணியில் போட்டாயிற்று. வெட்கத்தில் அவருக்கு அழுகையே வந்தது.

வீட்டை நெருங்கும்போதே தடதடவென்று மெஷின் சத்தம் கேட்டது. உள்ளே போனால் பல்லக்கில் மாப்பிள்ளை பாதி உட்கார்ந்தாயிற்று. உண்ணாமலை காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் வந்து கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"எதுலேர்ந்து ஏத்துனாரு?"

"டிஸ்க்லேர்ந்துதான். பீரோவுல, பட்டுப் பொடவைக்குள்ள இருக்கு. வெள்ளிக்கெழம நெட்டப் பிடுங்கிட்டு காப்பி போட்டு, எல்லாம் தொறக்குதான்னு ஒரு தடவ பாத்துட்டு வச்சுருவேன்."

மலையாண்டி மஞ்சள் பையைப் பார்த்தார். பை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப இது?"

"அது போன ஆவணியிலயே செத்துப்போச்சுங்க. நீங்க தூங்குற எடத்துக்கு நல்ல டிஸ்க்க யாராச்சும் குடுத்து விடுவாங்களா?"

அவருக்குக் காது சூடாகிவிட்டது. எந்த ஒயரிலும் மாட்டக் கூடாது என்று அவரே சட்டம் போட்டிருந்ததால், அதை மாட்டிப் பார்க்க அவருக்கு ஒரு தடவைகூட வழி இல்லாமல் போயிருந்தது. முதல் வாரத்திலிருந்தே தெரிந்துகொண்டுதான் அனுப்பினாயா, அப்படியானால் எதற்கு அனுப்பினாய் என்று கேட்டார்.

உண்ணாமலை காபியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமில்லை. ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்கிறவள் போல நிதானமாகச் சொன்னாள். பதினாலு வருஷம் இந்த வீட்டில் அவள் வைத்தது வைத்த இடத்தில் இருந்ததாம். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, மெஷினையும் நிறுத்திவிட்டு, ஜன்னலோரம் காலை நீட்டிப் படுத்தால் தெருவில் ஒரு காக்காய் கத்துவது மட்டும்தான் கேட்குமாம். இவர் வந்ததிலிருந்து நாளெல்லாம் பின்னாலேயே வந்து நிற்கிறாராம். என்ன செய்றே, ஏன் செய்றே, இந்த நூல் ஏன் இங்கிட்டு இருக்கு. வேலை சொன்னாலாவது கொஞ்சம் தள்ளிப் போவார் என்றுதான் அந்த ஏங்க எல்லாம். ஒருநாளாவது எங்கேயாவது போய்த் தொலைய மாட்டாரா என்று அவளும் கனவு கண்டுகொண்டிருந்தபோதுதான், அவரே மோட்டார் ரூமைப் பற்றிப் பேச்செடுத்தார்.

மலையாண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காபி டம்ளரை ணங்கென்று வைத்தார். இனிமேல் தான் எங்கிட்டும் போகப் போவதில்லை என்றும், சனிக்கிழமையும் இந்த ஹாலிலேயே இவளுக்கு எதிரில் சேர் போட்டு உட்காரப் போவதாகவும் சொன்னார். சொன்ன மாத்திரத்தில் வேப்பமரமும் மீன்கொத்தியும் கண்ணுக்குள் வந்து நின்றன. யாராவது போகச் சொல்லிக் கெஞ்ச மாட்டார்களா என்று இருந்தது.

உண்ணாமலை உள்ளே போய் ஒரு புதுத் தலகாணியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

"புதன்கெழமையும் போயிட்டு வாங்களேன்."