ஈய அங்கியும் ஒரு மந்திரமும்

பல்வலிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரும் அறை அது. அன்று எல்லோர் வாயும் பிளந்திருந்தது. டாக்டர் திறக்கச் சொல்லவில்லை. மீன்தொட்டி திறக்க வைத்திருந்தது.

கன்னம் வீங்கியவர், கடைவாய்ப் பல் ஆடுபவர், பல்லே இல்லாமல் செட்டுக்குக் காத்திருப்பவர், பல்லுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் வந்த நாற்பது பேர். படிக்கட்டு வரை கூட்டம். ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்படி என்ன அதிசயம்? நான்கடி நீளத் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், மணல், பாறை, இரண்டு கடல் மீன். எல்லாவற்றின் மேலும் யாரோ சிவப்பு ஜெல்லியைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி கொழகொழவென்று ஒரு பாசி. பார்க்க ரத்தம் போல் இருந்தது. கூட்டம் சேர வேறென்ன வேண்டும்?

"இது பாசியன்று. காயம்பட்ட கடலின் கண்ணீர்!" என்று கண்டுபிடித்தவர் அலைவாக்கர். அலைகளோடு பேசுவாராம். அலைகளும் இவரோடு மட்டும்தான் பேசுமாம். நீல ஜிப்பா, கழுத்தில் கிளிஞ்சல் மாலை, காலில் விலையுயர்ந்த ஷூ.

மூன்று மாதத்துக்கு முன் முதல் தடவை வந்தார். மந்திரம் சொன்னார். கறுப்புத் துணியால் தொட்டியை மூடினார். "மூன்று நாள் எவரும் திறக்கலாகாது. விளக்கு கூடாது. தீனி கூடாது. காற்றுக்குழாய் மட்டும் ஓடட்டும்." நாலாம் நாள் துணியை உருவினார். பாசி போயே போச்சு! வாரம் ஒரு மூடி ஊற்றச் சொல்லி 'அலைத் தீர்த்தம்' என்று ஒரு பாட்டிலும் கொடுத்தார்.

அடுத்த மாதமே பாசி சொந்தபந்தங்களோடு திரும்பி வந்தது. அலைவாக்கரும் வந்தார். மறுபடி துணி, மறுபடி பாட்டில். இன்று மூன்றாவது தடவை. டாக்டர் சுவர் நிறையப் பட்டங்களை மாட்டி வைத்திருப்பவர். பல்லில் ஓட்டை என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் தொட மாட்டார். தொட்டியில் பாசி என்றதும் ஒன்றுமே கேட்கவில்லை.

இன்று அலைவாக்கர் கண்ணை மூடி, மூக்கை உறிஞ்சி, விரலை நீட்டினார்.

"தோஷக் கை ஒன்று இத்தொட்டியைத் தினமும் தொடுகிறது. அது இங்கிருக்கும்வரை கண்ணீர் நிற்காது!"

விரல் நின்ற இடத்தில் கையில் ஈரத்துணியோடு அக்கா நின்றிருந்தாள்.

கிளினிக்கில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பதினாலு வருஷமாகப் பல் பிடுங்கும் கருவிகளைக் கழுவி, உறையில் போட்டு, நீராவிப் பெட்டியில் அவித்து எடுப்பது அவள் வேலை. உறையின் மேல் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். சூடு சரியாக ஏறினால்தான் அதிலுள்ள கோடு கறுக்கும். கறுக்காவிட்டால் டாக்டரே கேட்டாலும் கருவியைத் தர மாட்டாள். காலையில் தொட்டிக் கண்ணாடியைத் துடைப்பதும் அவளே.

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சனிக்கிழமையோட நின்னுக்கங்க."

வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் அடுப்பை எரிய வைப்பது. ஆனாலும் மூளை கணக்குப் போட்டது. தினமும் காலையில் கிளினிக்கைத் திறப்பவள் அவள். விளக்கு போடுமுன் பாசி மெலிந்து கிடப்பதையும் மத்தியானத்துக்குள் தோல் மாதிரி தடிப்பதையும் பார்த்திருக்கிறாள். போன வருஷம் தொட்டி விளக்கு நாலு நாள் எரியாமல் கிடந்தபோதும் பாசி காணாமல் போனது. அப்போது யாரும் மந்திரம் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன் வேண்டுமானால் கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"அய்யா, ஒரு சந்தேகம். பாசி போனது மந்திரத்தாலயா, துணியாலயா?"

"மந்திரத்தால்தான்! துணி வெறும் கடைத்துணி!"

"அப்போ இந்தத் தடவை துணி வேணாமே."

அலைவாக்கர் வாயும் பிளந்தது. டாக்டர் அதற்குள் இருந்த பல்லை எண்ணியிருக்கலாம்.

மீன் இரண்டும் சதா சண்டை. அதனால் தொட்டிக்கு நடுவே சிறுசிறு துளை போட்ட கண்ணாடித் தடுப்பு உண்டு. அக்கா அதைக் காட்டினாள். "தண்ணி ஒண்ணு, அறை ரெண்டு. இடது பக்கம் விளக்கு எரியட்டும், தினம் வந்து மந்திரம் சொல்லுங்க. வலது பக்கம் நான் மூடி வைக்கிறேன். ரெண்டு பக்கமும் தீனி கிடையாது."

உள்ளே போய் எக்ஸ்ரே அறையின் ஈய அங்கிகள் இரண்டைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். "எக்ஸ்ரேவே இதுல நுழையாது. உங்க மந்திரமும் நுழையாது, கவலைப்படாதீங்க."

"சபாஷ்! பந்தயம்னா இது பந்தயம்!" என்றார் கன்னம் வீங்கியவர். கூட்டம் கை தட்டியது. அலைவாக்கருக்குப் பின்வாங்க வழியில்லை.

தடுப்பில் கறுப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டி, வலது பாதியை அங்கிகளால் போர்த்தினாள். மூன்று நாளும் அலைவாக்கர் தொண்டை கட்டக் கத்தினார். இரண்டாம் நாள் அவர் சால்வை 'தற்செயலாக' இடது பக்கம் விழுந்து மூடிக்கொண்டது. அக்கா எடுத்து மடித்துக் கொடுத்தாள். "போட்டுக்கங்கய்யா, சளி பிடிச்சிடும்."

சனிக்கிழமை. அதே கூட்டம், இன்னும் இருபது பேர் கூடுதல். அங்கி விலகியது.

வலது பக்கம் மணல் வெள்ளை வெளேர். இடது பக்கம் அதே சிவப்புக் கொழகொழ. நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு.

"மந்திரம் போன பக்கம் பாசி. போகாத பக்கம் சுத்தம்" என்றாள் அக்கா. "பாசிக்கு உங்க மந்திரம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல. அதுக்கு வெளிச்சம் வேணும், இருட்டுல சாகும். அவ்வளவுதான் விஷயம்."

"அப்போ ஏன் திரும்பத் திரும்ப வருது?" டாக்டர் தொட்டியை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

அக்கா மேஜை மேல் இருந்த செடியைக் காட்டினாள். போன மாதம் காய்ந்து குச்சியாக நின்றது. இப்போது கம்ப்யூட்டரை மறைத்து, சுவர்க் கடிகாரத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. "தீர்த்தம் தொட்டிக்கு ஒரு மூடி ஊத்தினேன், இதுக்கு ஒரு மூடி ஊத்தினேன்."

அலைவாக்கர் நழுவினார். "கடல்... எம்மை அழைக்கிறது."

"கடல் எங்கயும் ஓடிடாது. பாட்டில்ல என்னய்யா?" கன்னம் வீங்கியவர் கதவில் சாய்ந்து நின்றார்.

செந்தமிழ் சட்டென்று உதிர்ந்தது. "செடி உரம்ங்க. கடையில விக்கிறதுதாங்க. விடுங்க சார், வண்டி நோ பார்க்கிங்ல நிக்குது."

டாக்டர் சங்கடத்தில் பழக்கதோஷமாக மீன் தீனி டப்பாவுக்குக் கை நீட்டினார். அக்கா டப்பாவை நகர்த்தி வைத்தாள். "ஒவ்வொரு பல் பிடுங்கினதும் கை நிறைய அள்ளிப் போடுவீங்க. மீன் தின்னது போக மிச்சமும் பாசிக்கு விருந்து. தோஷக் கை எதுன்னு தெரிஞ்சுதா டாக்டர்?"

டாக்டர் தன் கையைப் பார்த்தார். கோட் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டார். "திங்கட்கிழமை... எப்பவும் போல வந்துடுங்கக்கா."

"வர்றேன். பாதி தொட்டி பாக்கி இருக்கே."

கூட்டம் கலைந்தது என்று நினைத்தாள். திரும்பினால் வரிசை நிற்கிறது. முன்னால் நின்ற பெண்மணி பயபக்தியோடு கேட்டாள். "அக்கா, அந்த அங்கிக்கு என்னா சக்தி! ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுக்கவா?"

அக்கா அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எதுவும் உள்ள நுழையக்கூடாதுன்னு போடறதுங்க இது. உங்க தலையில எப்பவோ ஒண்ணு போட்டு விட்டிருக்காங்க. முதல்ல அதைக் கழட்டுங்க."