செங்கல் சிவப்பா, இலைப்பச்சையா?

"இந்தப் பக்கம்தான் நல்லா கீது, தாமு" என்றார் தேவசகாயம்.

தாமோதரன் பிரஷைக் கீழே வைத்தான். நேற்று அந்தப் பக்கம்தான் நன்றாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்குள் தேவசகாயத்தின் அறைக்குப் பெயின்ட் அடித்தாக வேண்டும். இடப்பக்கம் செங்கல் சிவப்பு, வலப்பக்கம் இலைப்பச்சை என்று சுவரில் கையகலம் அடித்துக் காட்டியதுதான் அவன் செய்த முதல் தப்பு.

"செவப்புதானே? அப்பறம் மாத்தமாட்டீங்களே, அண்ணாத்த?"

"அடிப்பா."

நான்கு சுவரும் சிவந்தன. "உள்ள வந்தா அடுப்புல குந்திகினு இருக்கற மாரி கீது" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான் தாமோதரன்.

மறுநாள் காலை தேவசகாயம் வாசலிலேயே நின்றார். "அடுப்பு மாரி கீதுப்பா. பச்சையே போட்டுடு."

சரியாகக் காயாத சிவப்பின்மேல் பச்சை ஏறவில்லை. சுவர் சொறி பிடித்ததுபோல் ஆயிற்று. ரெண்டு சுவர் சிவப்பு, ரெண்டு சுவர் பச்சை என்று சமாதானம் பேசினான். அதையும் அடித்து முடித்ததும், "இன்னா அண்ணாத்த, கட்சி ஆபீஸ் கணக்கா கீது!" என்று சிரித்தான்.

மறுநாள் தேவசகாயம் முகத்தைச் சுளித்தார். "கட்சி ஆபீஸாட்டம் கீதே!"

அப்போது நெம்மேலியிலிருந்து மாலிக் பாய் போன் செய்தார். "பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிகினு வூடு அப்டியே கீது. நாளைக்கு நீ வரல, வேற ஆளப் பாத்துக்கறேன்."

தாமோதரன் போனைப் பையில் போட்டான். "இன்னிக்கே முடிச்சாவணும். ஒண்ணு சொல்லுங்க அண்ணாத்த."

தேவசகாயம் சுவர்களை மாறி மாறிப் பார்த்தார். ஃபேன் கிறீச்சிட்டது. ஸ்டூலின்மேல் இரண்டு தம்ளர் டீ.

"டீ ஆறுது. குடி" என்றார். பிறகு மெல்ல, "பச்சையே அடிச்சிடு."

சாயங்காலம் அறை முழுக்கப் பச்சை. தாமோதரன் வாளியைக் கழுவினான்.

"மூலையில கொஞ்சம் வுட்டுப்போன மாரி இல்ல?"

"இல்ல."

"நாளைக்கு ஒரு நட வந்து பாரேன்."

"நாளைக்கு நெம்மேலி, அண்ணாத்த."

அவர் தலையாட்டினார். இரண்டு தம்ளர்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பக்கத்து வீட்டு வாசலில் சாராள் அக்கா காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பேஜாருக்கா! செவப்பு, பச்சை, செவப்பு, பச்சைன்னு மனுசன் என் உசுர எடுத்துட்டாரு."

சாராள் சுருக்குப் போட்ட நூலோடு திரும்பினாள்.

"அவரா? செவப்பும் பச்சையும் அவுரு கண்ணுக்கு ஒரே மாரிதான் தெரியும்னுதானே தாமு, அந்தக் காலத்துலயே ரயில் ஓட்டற வேலைக்கு எடுக்காம திருப்பி அனுப்சிட்டாங்கோ!"