எந்தப்பிரிவு அண்ணை

பாரிஸில் எங்கள் ஆட்கள் நிறைந்த லா சப்பலுக்குள் எந்தப் புதுச் சட்டம் நுழைவதென்றாலும் எந்தப்பிரிவு அண்ணையைத் தாண்டித்தான் நுழைய வேண்டும். பிரெஞ்சுப் பாராளுமன்றமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரூ லூயி-பிளாங் தெருவில் விமானச் சீட்டு விற்பவர். சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். சட்டம் கொண்டு வருகிறவன், அந்த அதிகாரம் நாட்டின் அரசியலமைப்பு யாப்பில் எந்தப் பிரிவில் இருக்கிறதென்று முதலில் சொல்ல வேண்டும். அவருடைய ஒரே கொள்கை அது. யாப்பை அவர் திறந்தும் பார்த்ததில்லை.

"வாசிக்கிறது அவையின்ரை வேலை. கேக்கிறது என்ரை வேலை" என்பார்.

சீனியை நிறுத்தச் சொன்ன டொக்டரிடமும் கேட்டார், "எந்தப் பிரிவிலை?"

"நீரிழிவுப் பிரிவிலை அண்ணை" என்றார் டொக்டர்.

நான் இங்கே சட்டம் படித்தவன். எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர், கடைப் பெயர்ப்பலகைகளுக்குத் தான் கொண்டுவரும் புதுச் சட்டத்தை விளக்க ஒரு மண்டபக் கூட்டத்துக்கு வந்தபோது, அழகான பிரெஞ்சில் நீளமாக ஒரு கேள்வி தயாரித்துக்கொண்டு போனேன். நான் கையை உயர்த்துவதற்குள் அண்ணை எழும்பிவிட்டார்.

"முஸியே, கெல் ஆர்த்திக்கிள்?"

எந்தப் பிரிவு, அவ்வளவுதான். உறுப்பினர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கூரையைப் பார்த்தார். "பார்த்துச் சொல்கிறேன்" என்றார் உறுப்பினர். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. நான் என் கேள்வித் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

மறுநாள் உறுப்பினர் அண்ணையின் கடைக்கே போய்க் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் எல்லார் வட்சப்பிலும் வந்தது. என் மனைவி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நீங்களும் சட்டம்தானே படிச்சனீங்கள்?" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் உறுப்பினர் வணக்கம் சொன்ன கையோடு, "யாப்பின் முப்பத்து நாலாம் பிரிவு" என்று அறிவித்தார். அண்ணை அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரேயொரு கேள்வி வைத்திருந்த மனிதர். அதுவும் போய்விட்டது.

"தம்பி, அவன் சொல்லிப்போட்டான். இனி நான் என்னத்தைக் கேக்கிறது?"

என் கேள்வியைக் கேட்க நான் காத்திருந்த நேரம் அது. ஆனால் வாய் திறக்காத அண்ணையைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. காதருகே குனிந்து, "அந்தப் பிரிவிலை எந்த வரி எண்டு கேளுங்கோ அண்ணை" என்றேன்.

துள்ளி எழுந்து கேட்டார். உறுப்பினர் மறுபடி உதவியாளரைப் பார்த்தார். மண்டபம் மறுபடி அதிர்ந்தது, அண்ணைக்காகத்தான். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

ஆனாலும் அண்ணை வரமாட்டார் என்றால், அந்தக் கூட்டத்துக்கு நானும் போவதில்லை.