ஐம்பத்திரண்டு வோல்ட்டுக்கு ஒரு பாராட்டுத் தீர்மானம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டது முதல் படி. சக்கரத்தைக் கண்டது இரண்டாம் படி. மஞ்சக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடிச் சங்கம் பாட்டரி வாங்கியது மூன்றாம் படி. இடையில் நடந்ததெல்லாம் சில்லறை.

மூன்றாம் மாடி லூர்துசாமிக்கு நுரையீரலில் கோளாறு. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. புயலில் கரண்ட் போனாலும் அது நிற்கக் கூடாதென்று 'கருணை அடிப்படையில்' வாங்கிய பாட்டரி. ஐந்து யூனிட் கொள்ளும். மெஷினுக்கு மட்டுமென்றால் பதினைந்து மணி நேரம் வரும்.

புயல் வந்தது. காலை எட்டுக்குக் கரண்ட் போனது. தலைவர் செம்பியன் பாட்டரி மீட்டருக்கு எதிரில் நாற்காலி போட்டு 'அவசரக் கூட்டம்' தொடங்கினார். செயலாளர் என்ற முறையில் நான் குறிப்பெடுத்தேன்.

"அம்பத்திரண்டு வோல்ட் காட்டுது. எல்லாரும் தாராளமா போட்டுக்குங்க!"

ஏசி, மிக்சி, டிவி யாவும் 'ஜனநாயக முறைப்படி' ஓடின.

ஒன்பது மணிக்கு லூர்துசாமியின் மகள் மேரி ஷாலினி படியிறங்கி ஓடிவந்தாள்.

"மாமா, நாப்பது ஆம்பியர் இழுக்குது! இப்பிடிப் போனா பத்தரைக்குத் தீந்துடும். அப்பா மெஷின மட்டும் உடுங்க."

"ஒரு மணி நேரமா பாக்குறேன், அதே அம்பத்திரண்டு. எங்கம்மா தீருது?"

"வோல்ட்டுன்றது மாடித் தொட்டி இருக்குற ஒசரம் மாமா. ஆம்பியர் கொழாயில போற வேகம். தொட்டிக்குள்ள மிச்சம் இருக்குறதுதான் யூனிட்டு. தண்ணி தீந்தா தொட்டி கீழ எறங்கியா வந்துடும்? இந்த பாட்டரி கடைசி வரைக்கும் அதே நம்பரத்தான் காட்டும். அப்பறம் பொசுக்குன்னு படுத்துடும்."

"தொட்டிக்குத் தனிக் கூட்டம் போடுவோம்மா," என்றார் தலைவர். குறித்துக்கொண்டேன்.

பத்து மணிக்கே பாட்டரி படுத்தது. லூர்துசாமியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். வாசலில் மழைக்கு நின்றிருந்த நெல்லிக்குப்பத்துக் கரும்பு டிராக்டரில் ஏற்றினோம். தலைவர் குடை பிடித்தார், தமக்கு.

"கடைசி வரைக்கும் வோல்ட்டு நல்லாத்தான் இருந்துச்சு லூர்து," என்று ஆறுதலும் சொன்னார்.

"அத... என் மூக்குல... மாட்டி உடுய்யா."

ஆஸ்பத்திரியில் ஆள் பிழைத்துக்கொண்டார். மறுவாரம் சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது: 'பாட்டரி குறையின்றி உழைத்தது. மூன்றாம் மாடியில் மட்டும் அளவுக்கு மீறி மூச்சு இழுக்கப்பட்டதால் சிறு தடங்கல். உறுப்பினர் இனி சிக்கனமாகச் சுவாசிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.'

நல்ல தமிழ். எழுதியவன் நான். அன்று ஒன்பதரையிலிருந்து பத்து வரை கீசர் போட்டுக் குளித்தவனும் நான்தான்.